அத்தையின் காலுக்குப் பழகிய வண்டி

அந்தப் பேச்சைத் தொடங்கியவர் மாமா. நடந்த இடம் வண்டிக்குள். கண் டாக்டரின் வரவேற்பறைத் தொட்டிக்குப் போகவேண்டிய தங்கமீன்கள், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில் பின்பக்கம் இருந்தன. அத்தையின் அண்ணன் மகள் அதன் பக்கத்து ஒற்றை இருக்கையில் குனிந்து உட்கார்ந்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். மாமா, ஆபரேஷன் ஆன வலது முழங்காலை நீட்டிவைத்துக்கொண்டு முன்னால் அத்தைக்குப் பக்கத்தில் இருந்தார்.

சிக்னலில் பச்சை விழுந்தது. அத்தை பெடலைத் தொட்டதுதான் தாமதம், வண்டி முன்னால் பாய்ந்தது. கியர் தானாக மாறியபோது முதுகில் யாரோ ஓங்கித் தட்டியதுபோல் ஓர் உலுக்கல். டப்பின் விளிம்பில் தண்ணீர் எகிறி வழிந்து, மூடியைப் பிடித்திருந்தவளை முழங்கை வரை நனைத்தது.

“தண்ணியா?” என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமலே.

பின்னாலிருந்து பதில் வரவில்லை. அவள் பேசுவதே அவ்வளவுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மாமாவே தொடர்ந்தார். அத்தைக்குக் கைராசி உண்டு, அதைத் தான் மறுக்கவில்லை என்றார். சாகக் கிடக்கிற மீன்கூட அவள் கை பட்டால் எழுந்து இரை கேட்கும். ஆனால் கைக்குக் கொடுத்த ராசியைக் காலுக்குக் கொடுக்க ஆண்டவன் மறந்துவிட்டான்.

காலுக்கு ஒரு குறையும் இல்லை என்றாள் அத்தை. அது பாட்டுக்கு மெதுவாகத்தான் மிதிக்கிறது, வண்டிதான் துள்ளுகிறது.

வண்டியைக் குறை சொல்லாதே என்றார் மாமா. தான் ஓட்டிய இத்தனை வருஷமும் அது சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காகத்தான் ஓடியதாம்.

“கீழ பாருங்க,” என்றாள் அத்தை. “அந்தத் துரு யாரு சிந்தின தண்ணியில வந்தது?”

மாமா கீழே பார்க்கவில்லை. “அது வருஷக்கணக்கா சிந்தினது. நீ ஒரே மாசத்துல அதை எட்டிப் பிடிச்சிட்ட.”

வண்டி கொஞ்ச தூரம் போனது. பிறகு மாமா, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில், டயர் கடைக்காரர் மறுபடியும் வண்டியைக் கேட்டார் என்றார். தன் முழங்கால் இனிமேல் பழையபடி பாரம் தாங்காது. அத்தையால் ஓட்ட முடியவில்லை. தொழிலைப் போதும் என்று மூடிவிட்டு, வண்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் வீட்டில் கால் நீட்டி உட்காரலாமே என்றார்.

அத்தை ஒரு முனை திரும்பினாள். வண்டி மறுபடி உலுக்கியது. அப்புறம்தான் கேட்டாள்.

“அப்ப வாத்தியாரை யாரு கொண்டு போவா?”

வாத்தியார் என்பது மீன். குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில், சுவரை அடைத்த தொட்டியில் தனியாக வாழ்ந்த ஆஸ்கார் மீன். சாப்பாட்டுத் தட்டு நீளம் இருக்கும். யார் உள்ளே வந்தாலும் கண்ணாடி அருகே வந்து முறைத்துப் பார்க்கும். அதனால் குழந்தைகள் வைத்த பெயர் அது. அந்த ரக மீனுக்குக் கோபம் வந்தால் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோல் படுத்துக்கொள்ளும், இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டாக்டரம்மா தன் கிளினிக்கை நகரத்தின் மறுகோடியில் உள்ள புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார். வாத்தியாரும் போயாக வேண்டும்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றார் மாமா.

“நான் கொண்டு போறேன்,” என்றாள் அத்தை. “ஒரு சொட்டு சிந்தாம. கீழ பேப்பரை விரிச்சு வைங்க. பேப்பர் நனைஞ்சா அன்னைக்கே சாவியை டயர் கடைக்காரர்கிட்ட கொடுத்திடுங்க. நனையலைன்னா, வண்டியை விக்கிற பேச்சை இனிமே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது.”

மூடியை யாரும் கையால் பிடிக்கக் கூடாது என்று மாமா ஒரு நிபந்தனை சேர்த்தார். அத்தை ஒத்துக்கொண்டாள். தீர்ப்பு யார் சொல்வது என்ற கேள்வி வந்தபோது, அத்தை கண்ணாடி வழியாகவும் மாமா கழுத்தைத் திருப்பியும் பின்னால் இருந்தவளைப் பார்த்தார்கள்.

“இவதான் சரி. வாயைத் திறந்தாதானே பொய் வரும்,” என்றார் மாமா. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் விழுந்தது.

அத்தை செய்த தொழிலுக்குச் சரியான பெயர் கிடையாது. மற்றவர்களின் மீன்தொட்டிகளை அவள் பார்த்துக்கொண்டாள். மருத்துவமனைகள், வங்கி, வக்கீல் அலுவலகம், ஒரு விடுதி என்று நகரம் முழுக்க அவளுக்குத் தொட்டிகள் இருந்தன. வாசல் வழியாக நுழையும்போது வாளியும் குழாயுமாகக் கூலிக்காரி மாதிரி இருப்பாள். வேலை முடிந்து கண்ணாடியைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டாள் என்றால், காத்திருப்பவர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பாடும் என்று அவள் சொல்வதுண்டு. குழாயில் வாய் வைத்து இழுத்துத்தான் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவாள். ஒரு வாய் தண்ணீரில் அந்தத் தொட்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவதாகப் பெருமை வேறு. ஆட்களை அவள் மீன்களை வைத்துத்தான் நினைவு வைத்துக்கொண்டாள். பேங்க் மேனேஜர் அவளுக்கு “நம்ம கறுப்பு வால் ஐயா.” வக்கீல் “பாசி பிடிச்சவர்.”

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மாமா அப்போது சின்னதாக ஒரு மீன் கடை வைத்திருந்தார். கடை மீன்களெல்லாம் இவள் வந்த பிறகுதான் சாகாமல் இருக்கத் தொடங்கின என்று அவரே ஊர் முழுக்கச் சொல்வார். கடையை விட்டுத் தொட்டி பராமரிப்புக்கு வந்தது அத்தையின் யோசனை. வண்டி வாங்கியது மாமாவின் யோசனை. கிளட்ச் இல்லாத, கியர் தானாக மாறுகிற சின்ன வேன். அதன் ஓட்டுநர் இருக்கையில் மாமா உட்கார்ந்த நாளிலிருந்து வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அத்தையும் எப்போதோ லைசென்ஸ் எடுத்துவைத்திருந்தாள். தபால் ஆபீஸில் அடையாளம் காட்டத்தான் அது பயன்பட்டது. மாமாவின் முழங்கால் மடங்க மறுத்து, ஆபரேஷன் முடிந்து, அவர் தடியோடு வீடு வந்த பிறகுதான் சாவி அவள் கைக்கு வந்தது.

அண்ணன் மகள் அந்த வீட்டில் தங்கியிருந்தது வேலைக்காக. ஒரு மொழியில் வரும் கடிதங்களை இன்னொரு மொழியில் எழுதித் தரும் அலுவலக வேலை. விடுமுறை நாட்களில் வாளி தூக்கினாள், மூடி பிடித்தாள். ஜட்ஜம்மா ஆன பிறகும் அதையேதான் செய்தாள்.

பேச்சு நடந்த அந்த வாரமே, டயருக்குக் காற்றடித்துவிட்டு வருகிறோம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, அத்தை வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் ஏறி உட்கார்ந்து, பெடலை ஓங்கி மிதித்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வண்டி தங்கம் என்றார். அத்தை விடவில்லை. வண்டிகளின் மின்சார வேலை மட்டும் பார்க்கும் இன்னொருவரிடம் போனாள். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையடக்கத் திரையில் என்னென்னவோ பார்த்தார். பிறகு அத்தையை ஓட்டச் சொல்லி, அவள் முகத்தையும் சாலையையும் பார்க்காமல் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இதுக்கு முன்னாடி யாரு ஓட்டினதுக்கா?”

“எங்க வீட்டுக்காரர்.”

“அவசரக்காரரா?”

“சோறு திங்கிறதுலகூட.”

எலக்ட்ரீஷியன் சிரித்தார். “வண்டியில ஒண்ணும் இல்லக்கா. உள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு. அது ஆளைப் பார்க்காது, காலை மட்டும்தான் பார்க்கும். அது அவர் காலுக்குப் பழகிப்போச்சு.”

பிறகு விளக்கினார். பெடலை எவ்வளவு வேகமாக மிதிக்கிறார்கள், எவ்வளவு ஆழம் மிதிக்கிறார்கள், எங்கே எடுக்கிறார்கள் என்று அது ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். மிதித்தே பழகியவர் என்றால், இவருக்கு வேகம்தான் வேண்டும் என்று முடிவு கட்டி, கீழ் கியரிலேயே இழுத்துப் பிடித்து எஞ்சினை முறுக்கிவைக்கும். அத்தை பூப்போல் தொட்டாலும் அதன் கணக்கில் அது மாமாவின் மிதி. எல்லா வண்டியும் இப்படி இல்லை, சிலது ஆள் மாறினால் உடனே மாற்றிக்கொள்ளும், இது ஆற அமர யோசிக்கிற ரகம் என்றார். இப்படியே விட்டாலும் நாளடைவில் அத்தையின் காலுக்கு வந்துவிடும். அவசரம் என்றால், கற்றுக்கொண்டதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

“அழிச்சிடுங்க,” என்றாள் அத்தை.

“யோசிச்சுக்குங்க. முதல்ல இன்னும் மோசமா இருக்கும். ஒண்ணும் தெரியாத பச்சைக் குழந்தை மாதிரி. நீங்க கொடுக்கிறதைத்தான் வாங்கிக்கும். அதுவரைக்கும் வேற யாரும் ஓட்டக் கூடாது.”

“வேற யாரு ஓட்டப் போறா? அவருக்குக் கால் மடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் மகளின் மனதில் ஒரு சொல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி பழகுகிறேன் என்று ஆள் சொல்கிறான். ஆளுக்குப் பழகிவிட்டது என்று வண்டியைச் சொல்கிறார்கள். கற்றுக்கொள்வதும் பழகுவதுதான், ஒட்டிக்கொள்வதும் பழகுவதுதான், முரண்டு பிடிப்பது அடங்குவதும் பழகுவதுதான். இதை அந்த இன்னொரு மொழியில் எழுதச் சொன்னால் நாலு சொல்லாவது வேண்டும், அப்போதும் ஒன்று விட்டுப்போகும். அத்தையிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். வண்டி அந்நேரம் ஒரு சைக்கிள்காரர் பின்னால் திணறித் திணறி நின்றது. சொல்லவில்லை.

விளையாட்டு அரங்கத்தின் பின்பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு நீளச் சாலை இருந்தது. அத்தை தினமும் காலையில் அங்கே போனாள். பக்கத்து இருக்கையில் குளியலறை பேசினை வைத்து, விளிம்புக்கு ஒரு விரல் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, பெல்ட் போட்டுவிட்டாள். முதல் நாட்களில் பேசின் தண்ணீரில் பாதி இருக்கையில் இருந்தது. வண்டி எப்போது கிளம்பும், எப்போது இழுக்கும் என்று அதற்கே தெரியவில்லை. அரங்கத்தின் காவல்காரர் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் கிட்டே வந்து, எந்தக் குழந்தையைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். இந்த வண்டியைத்தான் என்றாள் அத்தை.

அவள் அவசரப்படவில்லை. புது மீனைத் தொட்டியில் விடுவதுபோல்தான் ஓட்டினாள். பையோடு மிதக்கவிட்டு, சூடு சமமாகட்டும் என்று காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கலப்பதுபோல் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். நிற்க வேண்டிய இடத்தை வெகுதூரத்திலேயே பார்த்து, காலை முன்கூட்டியே எடுத்துவிட்டாள். வண்டியும் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ஒருநாள் காலையில் பேசின் தண்ணீர் ஆடியது, ஆனால் சிந்தவில்லை. அத்தை வண்டியை ஓரங்கட்டி, பேசினில் விரலை நனைத்து, ஸ்டியரிங் மேல் தெளித்தாள். “நல்லா இருப்பே,” என்றாள் அதைப் பார்த்து.

மறுநாள் எல்லாம் தலைகீழானது. பெடலைத் தொட்டதும் வண்டி பழையபடி பாய்ந்தது. பேசின் கவிழ்ந்தது. அதற்கடுத்த நாட்களில் கொஞ்சம் சரியாகும், மறுபடி கெடும். ஒரு படி ஏறினால் இரண்டு படி சறுக்கியது. எலக்ட்ரீஷியன் மறுபடி வயரைச் செருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். டாக்டரம்மா கிளினிக்கை மாற்றும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டயர் கடைக்காரர் வீட்டுப்பக்கம் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரங்களைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அத்தை ஈரமான இருக்கையைத் துணியால் ஒற்றியபடி, யாருக்கும் இல்லாமல் சொன்னாள். “அவர் சொல்றதுதான் நிஜமோ என்னவோ. கால் சரியில்லையோ.”

ஒரு தொட்டியில் மீன் வரிசையாகச் செத்தபோதுகூட அவள் இப்படிப் பேசி அண்ணன் மகள் கேட்டதில்லை. பார்வையைத் தாழ்த்தினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

அத்தை குள்ளம். சாலை தெரிவதற்காக இருக்கையில் ஒரு தலையணைத் திண்டு போட்டு உட்காருவாள். திண்டின் ஜிப் முதுகில் உறுத்தக் கூடாது, தொடையிலும் கிழிக்கக் கூடாது என்று அதைக் கதவுப் பக்கம் வைத்துப் போடுவது அவள் வழக்கம். இப்போது ஜிப் கியர் பக்கம் இருந்தது.

அண்ணன் மகள் குனிந்தாள். திண்டை எடுத்து அத்தையின் கையில் கொடுத்து, ஜிப்பை விரலால் காட்டி, அது இருந்த பக்கத்தைக் காட்டினாள். அத்தை திண்டைப் பார்த்தாள், இருக்கையைப் பார்த்தாள், கடைசியில் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அங்கே மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு மும்முரமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் சாப்பிட்டதும் அத்தை வழக்கம்போல் போர்த்திக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தடி தரையில் ஊன்றும் ஓசை வாசல்வரை போனது. வண்டி உறுமிக் கிளம்பியது. இருவரும் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

தெருமுனை திரும்பிய வண்டி அவர்களைப் பார்த்ததும் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டது. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தது. மாமா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அத்தை முதலில் கேட்டது முழங்காலைப் பற்றித்தான். டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா, தையல் பிரிந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று கேட்டாள். வலிக்கவில்லை என்றார் மாமா. அப்படியானால் எதற்குத் திருட்டுத்தனம் என்றாள். என்னைத் தோற்கடிக்கத்தானே என்றாள். அதற்கு மாமா நிஜமாகவே அதிர்ந்துபோனார். பந்தயம் அவர் நினைப்பிலேயே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அன்னைக்கு ஒருநாள் சும்மா எடுத்துப் பார்த்தேன்,” என்றார். “மிதிச்சா யோசிக்குது. நான் யாருன்னே தெரியாத மாதிரி நடந்துக்குது. இத்தனை வருஷம் கூட இருந்த வண்டி.” தடியின் பிடியைத் தடவினார். “படுக்கையில கிடந்த கொஞ்ச நாள்ல என்னை மறந்துடுச்சேன்னு இருந்தது. அதான் தினமும் ஒரு ரவுண்டு. ஞாபகம் வரட்டும்னு.”

அத்தை வாசற்படியிலிருந்து எழுந்தாள். “அதுவா மறக்கலை. நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டிருந்தா?”

மாமா யோசித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. “விட்டிருக்க மாட்டேன்,” என்றார்.

“தெரியுதுல்ல.”

அத்தை வண்டிக் கதவைத் திறந்து கையை நீட்டினாள், முதலில் அவரை இறக்க, பிறகு சாவிக்காக. சாவியை அவர் ஒரு நொடி உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். வாத்தியார் போய்ச் சேரும்வரை வண்டியைத் தொடமாட்டேன் என்றார். அதற்கப்புறம் என்று அத்தை கேட்டாள். அதற்கப்புறம் டயர் கடைக்காரர் தொடுவார் என்றார் மாமா. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தயம் பந்தயம்தான் என்று இருவருக்கும் அதில் ஒரு நிம்மதி.

அதற்குப் பிறகு வண்டியைத் தொட்டது ஒரே கால். பேசின் அடங்கியது. அரங்கத்துக் காவல்காரர் குழந்தை வளர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்.

வாத்தியாரைக் கொண்டுபோன நாளில் வெயில் நன்றாக இருந்தது. டாக்டரம்மா தன் காரில் முன்னாலேயே போய்விட்டார். அத்தை தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, வாத்தியாரோடு கொஞ்ச நேரம் பேசி, வலையில்லாமல் ஓர் ஏந்து தட்டோடு அதை டப்புக்கு மாற்றினாள். பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் குமிழி விட்டது. மூடி மேலே சும்மா வைக்கப்பட்டது. டப்பைச் சுற்றி மாமா தன் கையாலேயே செய்தித்தாளை விரித்தார், ஒரு மடிப்பு விடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. ஜட்ஜம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலில் கட்டடங்கள் நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

முன்னால் மாமாவின் கால் தெரிந்தது. வலது கால் நீட்டியிருந்ததால், தரையை மிதிக்கும் வேலையை அவர் இடது காலுக்குக் கொடுத்திருந்தார். முதல் சிக்னலில் அந்தக் கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி அதற்கு முன்பே நின்றிருந்தது. சந்தைத் தெருவில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்தபோது மறுபடி மிதித்தது. அந்த ஆள் தெருவில் இறங்குவதற்கு முன்பே அத்தை பார்த்துவிட்டாள். வேகத்தடைகளில் வண்டி மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. டப்பில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பைத் தொட்டு, யோசித்து, திரும்பி வந்தது.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி வழியில் வரிசை நின்றுவிட்டது. முன்னால் ஒரு பேருந்து, பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு லாரி, அதன் ஹாரன் வேறு. முன்பு மாமா ஓட்டும்போது இந்த இடத்தில்தான் எப்போதும் டப்பில் பாதி காலியாகும். பேருந்து நகர்ந்தது. பின்னால் லாரிக்காரர் கத்தினார். அத்தையின் தோள்கூட அசையவில்லை. பாதத்தைப் பிரேக்கிலிருந்து பெடலுக்கு மாற்றினாள், அவ்வளவுதான். வண்டி பின்னால் உருளவில்லை, முன்னால் துள்ளவில்லை. தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல் கியரை மாற்றிக்கொண்டு ஏறியது. மூடியின் ஓரத்தில் ஒரு துளி திரண்டது. ஜட்ஜம்மா மூச்சைப் பிடித்தாள். துளி உள்பக்கமாகவே விழுந்தது.

பாலத்தின் மறுபக்கம் இறங்கும்போது அவள் மாமாவின் காலைப் பார்த்தாள். இடது கால் தரையில் சும்மா இருந்தது. புதுக் கட்டடம் வரும்வரை அது அசையவே இல்லை.

கட்டடத்தின் முன்னால் வண்டி நின்றது. மாமாதான் முதலில் இறங்கினார். தடியை ஊன்றிச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து, பொறுக்கமாட்டாமல் டப்பின் மூடியைத் தூக்கினார். திடீர் வெளிச்சம் கண்ணில் பட்ட வாத்தியார் வாலை ஓங்கி அடித்தது. ஒரு கைத் தண்ணீர் மாமாவின் சட்டையிலும் செய்தித்தாளிலும் தெறித்தது.

அத்தை ஓட்டுநர் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அவள் கண்ணில் பட்டது தாளின் நடுவில் விரிந்துகொண்டிருந்த ஈரம்தான். அவள் முகம் அப்படியே தொங்கிப்போனது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள்.

“வழியில சிந்தலை,” என்று ஒரு குரல் கேட்டது.

இருவரும் திரும்பினார்கள். ஜட்ஜம்மா எழுந்து நின்றிருந்தாள். வண்டிக்குள் நிமிர இடமில்லாமல் தலை கூரையில் இடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் பேசினாள். இங்கே வந்து நிற்கும்வரை தாள் காய்ந்திருந்தது. தான் ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை. மேம்பாலத்தில் ஒரு துளி வந்தது, அதுவும் உள்ளேதான் விழுந்தது. இந்த ஈரம் மாமா மூடியைத் திறந்த பிறகு மீன் அடித்தது. மாமாவின் சட்டையைப் பார்த்தாலே தெரியும். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளம்.

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு டப்பின் மறுபக்கத் தாளைத் தடவிப் பார்த்தார். அடியில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். காய்ந்த தாள் விரலில் சரசரத்தது. அவருடைய காலத்துத் துரு அதற்குக் கீழே செம்மண்ணாகப் படர்ந்திருந்தது.

“ஜட்ஜம்மா சொன்னா சரிதான்,” என்றார். அத்தை நீட்டிக்கொண்டிருந்த சாவியை அவள் பக்கமே தள்ளினார். “நான் ஓட்டினப்ப இந்த ரக மீனு ஒண்ணுகூட நேரா நின்னு வந்து இறங்கினதில்ல. சாஞ்சு படுத்துக்கிட்டுத்தான் வரும். இப்ப வாத்தியாரைப் பாரு, வாலை ஆட்டி அடிக்கிறாரு.”

நிஜம்தான். வாத்தியார் டப்பில் நிமிர்ந்து நின்று மூவரையும் ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுத் தொட்டியில் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடிக்கு வந்து, அத்தை போட்ட இரையைச் சட்டென்று கவ்வியது. டாக்டரம்மா கைதட்டினார். அத்தை கண்ணாடியை ஒற்றித் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

டயர் கடைக்காரரிடம் மாமாவே போய்ச் சொன்னார். வண்டி கொடுப்பதற்கில்லை, வீட்டுக்காரி ஓட்டுகிறாள், நான் மடியில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று அவர் சொன்னதாகத் தெருவில் பேச்சு. முழங்கால் முழுக்கத் தேறி, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அத்தை அவருக்கும் சாவி கொடுத்தாள். அரங்கத்தின் பின்சாலையில், தன் மடியில் தண்ணீர் பேசினை வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வண்டியை அவர் காலுக்கு மறுபடி பழக விடமாட்டாள், அவர் காலை வண்டிக்குப் பழக்குவாள். அவளுடைய சேலை நனைந்த நாட்கள் உண்டு. இப்போதெல்லாம் நனைவதில்லை. மேம்பாலம் வந்தால் மட்டும் மாமா தானாகவே ஓரங்கட்டி இறங்கி, இடம் மாறி உட்கார்ந்துகொள்வார்.

புதிதாக நாலைந்து தொட்டிகள் சேர்ந்தன. தண்ணீர் சிந்தாமல் மீன் கொண்டுவருகிறவர் என்று டாக்டரம்மா சொல்லி வந்தவை. ஒருநாள் அவற்றில் ஒன்றைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது, முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள், ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தானும் வண்டி பழகலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள்.

அத்தைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எப்போதோ சொல்லியிருக்க வேண்டியது என்றாள். எந்தப் பள்ளியில் சேரலாம், யார் நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். லைசென்ஸ் வாங்கும் நாளில் தானே கூட வருவதாகச் சொன்னாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கப்போனவள், என்னவோ நினைவு வந்ததுபோல் மறுபடி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவினாள். குரலைத் தாழ்த்தினாள், வண்டிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

“மருமகளே, உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். ஊர்ல இருக்கிற எந்த வண்டியில வேணும்னாலும் பழகு. இதுல மட்டும் பழகாதே.”